டாக்டருக்கு மேலே இருந்த டீசல் மெக்கானிக்

மரக்காணத்தில் உப்பு விளைவதற்கு வெயில்தான் காரணம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அதை எழுதியவர் கேஸ்கட் அண்ணனைப் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுவது டீசல் இன்ஜின். அந்த இன்ஜினை ஓடவைப்பது கேஸ்கட் அண்ணன். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாதித் தமிழ்நாடு உப்பில்லாமல் சாப்பிட வேண்டியிருக்கும் என்று நாங்கள் நம்பினோம். அவர் எங்களைவிட உறுதியாக நம்பினார்.

இன்ஜின் இணைப்புகளில் கசிவு வராமல் நடுவே வைக்கிற தகடுதான் கேஸ்கட். எந்த இன்ஜின் நின்றாலும் முதலில் அவர் சொல்வது "கேஸ்கட் போச்சு." இன்ஜினுக்கு மட்டுமல்ல, ஊரில் ஒரு கல்யாணம் நின்றுபோனபோதும், பஞ்சாயத்துத் தலைவர் கட்சி மாறியபோதும் அதையேதான் சொன்னார். அதனால் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்துவார் யாரும் இல்லை.

இன்ஜினுக்கு அவர் பார்க்கும் வைத்தியமும் வேறு மாதிரி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைப்பார். கைப்பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள்.

"ஏம்பா, பேஷண்ட் பேசிக்கிட்டிருக்குது. நீ அப்புறம் தும்மு."

நான் அப்போது பஸ் ஸ்டாண்ட் அருகில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், உப்புக் காற்றில் துருப்பிடித்த ஒரு ஷட்டர். 2004-ஆம் வருஷம் ஒரு மத்தியானம் கேஸ்கட் அண்ணன் உள்ளே வந்து, ஆயில் கறை படிந்த பேப்பர் துண்டு ஒன்றை என் கீபோர்டின்மேல் வைத்தார். கோட்டக்குப்பத்தில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவரின் ஜெனரேட்டரைப் பார்க்கப் போனபோது அங்கே கிடைத்த விளம்பரம் அது. ஆஸ்திரேலியாவில் ஆள் தேவைப்படுகிற தொழில்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள்.

"படி தம்பி. நம்ம தொழில் எங்க இருக்குது?"

"டீசல் மெக்கானிக்... இங்க இருக்குதுண்ணா."

"அதுக்குக் கீழ?"

"டாக்டர்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா. டாக்டருக்கு மேல வச்சிருக்கான்."

ஆங்கில எழுத்து வரிசையில் டீசல் முன்னால் வரும், டாக்டர் பின்னால் வருவார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஏன் போக வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தபடியே சொன்னார்: "இங்க இன்ஜின் நின்னாத்தான் என் ஞாபகம் வருது. அவன் இன்ஜின் ஓடும்போதே என்னைத் தேடி பேப்பர்ல போட்டிருக்கான் பா."

அந்த நாட்டுக்குள் போக எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. வயதுக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு. அன்றிலிருந்து மரக்காணத்தில் பாயிண்ட் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. டீக்கடையில் டீக்கு ஐந்து பாயிண்ட், வடைக்கு மைனஸ் இரண்டு. டீ மாஸ்டர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஆங்கிலம்தான் பெரிய மலை. அதை ஏற அவர் கண்டுபிடித்த வழி, உப்பளத்தில் இனிமேல் தமிழே பேசுவதில்லை என்பது. உப்பு வாருகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த வேதவல்லி அக்காதான் முதலில் மாட்டினார்.

"ஏம்பா கேஸ்கட்டு, காலங்காத்தால யாரைத் திட்டுற?"

"நோ திட்டிங், அக்கா. ஐ ஆம் ஸ்பீக்கிங் இங்கிலீஷ். திஸ் இன்ஜின், வெரி சேட்."

"பேசு, பேசு. ஆனா அந்த இன்ஜினுக்குப் புரியுதான்னு கேட்டுக்க. அதுக்குப் புரியலன்னா எங்களுக்குத் தண்ணி வராது."

மறுநாளிலிருந்து கேஸ்கட் அண்ணன் தலை தெரிந்ததும் பாத்திகளில் நின்ற இருபது பெண்களும் ஒரே குரலில் "குட் மார்னிங் சார்" என்றார்கள். கிண்டல்தான். ஆனால் அவர் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினைத் தொடவே அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. அதைப் பற்றிச் சிரிக்க எதுவும் இல்லை. பக்கத்து மீனவக் கிராமமான எக்கியார்குப்பத்தில் படகு இன்ஜின்களுக்குள் மணலும் சேறும் அடைத்துக் கிடந்தன. கேஸ்கட் அண்ணன் ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாற்பது நாள் கடற்கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இன்ஜினாகப் பிரித்துக் கழுவினார். முதல் படகு கடலுக்குள் போனபோது அவர் கரையில் நிற்கவில்லை. அடுத்த இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தார்.

இதற்குள் ஒரு சிக்கல் வளர்ந்திருந்தது. நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பள்ளிச் சான்றிதழின்படி அவருக்கு வருகிற மே மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. "அது என் பொறந்தநாள் இல்லபா, வாத்தியாருக்குத் தோணின நாள்" என்பார். ஆனால் வாத்தியாருக்குத் தோன்றியதுதான் ஆஸ்திரேலியாவுக்கும் கணக்கு.

அனுபவத்துக்குக் கடிதம் வேண்டும். எக்கியார்குப்பத்து மீனவர்கள் ஆளாளுக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் பதினெட்டு வருஷம் நிரந்தரமாக வேலை பார்த்தது உப்பள முதலாளி சிங்காரத்திடம். அவர் கொடுத்தால்தான் செல்லும். சிங்காரம் மூன்று முறை மறுத்தார்.

"எழுதிக் குடுத்தா நீ போயிடுவ. போயிட்டா என் இன்ஜினை யாருடா பாப்பான்? ஒங்க ஆஸ்திரேலியாகாரன் வந்து பாப்பானா?"

அதில் நியாயம் இருந்தது. கேஸ்கட் அண்ணன் மறுபடி இன்ஜினுக்கு அடியில் போய்ப் படுத்தார்.

ஏப்ரலில் சென்னையில் ஆங்கிலப் பரீட்சை. துணைக்கு நானும் போனேன். வரிசையில் எல்லோரும் இஸ்திரி போட்ட இளைஞர்கள். நகக்கண்ணில் கறுப்பு மசகோடு இவர் ஒருவர்தான். செல்போனை ஒப்படைக்கப் போகிற நேரத்தில் மணி அடித்தது. சிங்காரம்.

"டேய், இன்ஜின் நின்னு நின்னு ஓடுதுடா! பாத்தியெல்லாம் காயுது!"

"மொதலாளி, போனை இன்ஜின் கிட்ட வைங்க. சைலன்சர் பக்கம் வேணாம், பம்பு பக்கம்."

ஒரு காதில் போன், இன்னொரு காதில் விரல். கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற பெண் இருமத் தொடங்கினாள். நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"டீசல் பைப்புல காத்து பூந்துக்கிச்சு. அந்தச் சின்ன நட்டை லூஸ் பண்ணுங்க. நுரை வரும். நுரை நின்னதும் டைட் பண்ணுங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்து போனிலிருந்து சீரான டுப், டுப், டுப் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். போனை ஒப்படைத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

பேச்சுத் தேர்வை நடத்திய அம்மாள் கேட்ட கேள்வி, இன்று காலை என்ன செய்தீர்கள் என்பது. கேட்டிருக்கக் கூடாது. "ஏர் இஸ் எனிமி, மேடம். வாட்டர், ஓகே. சால்ட், ஓகே. ஏர், எனிமி" என்று தொடங்கியவரை நிறுத்த அவர்களுக்கு மணியடிக்க வேண்டியிருந்ததாம். எழுத்தில் தட்டுத்தடுமாறியும் பேச்சில் தாராளமாகவும் தேறிவிட்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் சிங்காரமே என் கடைக்கு வந்தார்.

"போன்லயே வேலை ஆவுதே. அப்புறம் இவன் எங்க இருந்தா எனக்கென்ன? எழுதிக்கப்பா."

அவர் சொன்னது இவ்வளவுதான்: பதினெட்டு வருஷமாக என் இன்ஜின் எல்லாம் இவன்தான் பார்க்கிறான். சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். வந்தால் இன்ஜின் ஓடும்.

நடு வாக்கியத்தை நான் விட்டுவிடப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கேஸ்கட் அண்ணன் திரையில் விரலை வைத்தார்.

"அதையும் அடி தம்பி. உண்மதானே. பொய்ப் பேப்பர் வச்சிக்கிட்டு பிளேன் ஏற மாட்டேன்."

அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினோம். வாத்தியாருக்குத் தோன்றிய நாளுக்கு ஆறு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருஷம் பதில் வந்தது. வந்தது என்றால், ஊருக்குள் வந்தது. புதிதாக வந்த தபால்காரர் ரிஜிஸ்டர் தபாலை வைத்துக்கொண்டு, அதிலிருந்த பெயரைச் சொல்லி ஒன்பது நாள் தெருத்தெருவாகக் கேட்டார். அப்படி ஒருவர் இந்த ஊரிலேயே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஒரு நாள் பம்பு செட்டில் இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்த கேஸ்கட் அண்ணனிடமே கேட்டிருக்கிறார். இவர் மும்முரத்தில் "தெரியாதுபா, பக்கத்துல கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்தாம் நாள் தபால்காரர் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தபோது உறையை நான் பார்த்தேன். அந்தப் பெயரை மூன்று படிவத்தில் டைப் அடித்தவன் நான் ஒருவன்தானே.

விசா கிடைத்தது. மனைவி செல்வியும் மகளும் கூடவே கிளம்பினார்கள். "அங்க உப்பு கெடைக்குமாண்ணா?" என்று செல்வி என்னிடம் ரகசியமாகக் கேட்டார். கிடைக்கும் என்றேன். நம்பாமல் இரண்டு கிலோ கட்டிக்கொண்டார்.

2006-இல் அவர்கள் புறப்பட்ட அன்று, சிங்காரம் யாரும் கேட்காமலே தன் அம்பாசிடரை எடுத்துக்கொண்டு வந்து, தானே ஓட்டுவேன் என்று முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வேதவல்லி அக்கா சேறு காயாத காலோடு வந்து நின்றார்.

"அங்க போயி நீ தமிழ்லயே பேசு. அவனுங்க கத்துக்கட்டும்."

கேஸ்கட் அண்ணன் என் தோளில் ஒருமுறை தட்டினார். கார் சென்னைப் பக்கம் திரும்பி மறைந்தது.

அன்று எனக்கு டைப் அடிக்க வேலை நிறைய இருந்தது. கடை வரைக்கும் நடந்து போனேன். சாவியைக் கையில் எடுத்தேன். பிறகு ஷட்டரைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.