வேட்டிக்கு இரண்டு முனை

டிரையர் மூன்றாம் முறையாகக் கீச்சிட்டு நின்றபோது, ராஜரத்தினம் விசேஷத்துக்கென்று வைத்திருந்த ஒரே எட்டு முழ வேட்டி அதன் வயிற்றுக்குள் சொதசொதவென்று கிடந்தது. விடிந்தால் தெல்தெனியவில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் பொறுப்பு அவருக்கு. கண்டியில் காலமெல்லாம் வேட்டி விற்ற மனிதர் காற்சட்டையோடு நிற்பதா?

"ஈ-டூன்னு காட்டுது," என்றார், கையேட்டைப் புரட்டியபடி. "டெம்பரேச்சர் சென்சர் கோளாறாம். உள்ள எவ்வளவு சூடுன்னு அதுக்குத் தெரியலையாம்."

"நம்ம குண்டசாலைல ஒரு வாரமா அடைமழை. இந்தக் குளிர்ல நமக்கே ஒன்னும் தெரியல, அதுக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள் மனைவி கஜலட்சுமி.

சென்சருக்குக் குளிர் பிடித்துவிட்டதென்று ராஜரத்தினம் முடிவு கட்டினார். போத்தலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, மெஷினின் முதுகோடு கட்டினார். மூடி கசிந்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டது.

துடைத்து, கரண்டைப் போட்டு, ஃபோனில் யாரோ ஒருவர் சொன்னபடி இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார். இப்போது கதவும் பூட்டிக்கொண்டது.

"முன்ன ஈர வேட்டியாவது கையில இருந்துச்சு," என்றாள் கஜலட்சுமி.

"நேத்துத்தானே அந்த நிஸாம் வந்து பஞ்செல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணிட்டுப் போனான்? கூப்பிடு அவன!"

மெக்கானிக் நிஸாம் நனைந்துகொண்டே வந்தான். கதவைத் திறந்து வேட்டியை மீட்டான். பின்தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினான்.

"சென்சர் மௌத்து, மொதலாளி. புதுசு கொழும்புலருந்துதான் எடுக்கணும்."

"எப்ப வரும்?"

"மழை விட்டா வந்துரும்."

"சென்சர் கொழும்புலருந்து வருதா, வானத்துலருந்து வருதா?"

நிஸாம் ஒரு விலை சொன்னான். ராஜரத்தினம் பழக்கதோஷத்தில் பாதிக்குக் கேட்டார்.

"சரி, மொதலாளி."

அவருக்குச் சுருக்கென்றது. சரக்கே இல்லாதவன்தான் ஒரே சொல்லில் இறங்குவான் என்பது கடைத்தெருப் பாடம். ஆனால் வேட்டிக் கவலையில் பாடம் மறந்துபோனது.

அடுத்து இஸ்திரிப்பெட்டி. ஈர வேட்டியில் அழுத்தித் தேய்த்ததில் ஆவி பறந்தது. கூடவே, ஒரு மூலையில் பிஸ்கட் நிறத்தில் முத்திரையும் விழுந்தது.

"போதுங்க! கட்டுறதுக்குக் கொஞ்சம் வேட்டியாவது மிஞ்சட்டும். ஆளுக்கொரு முனை பிடிப்போம், வாங்க."

விறாந்தையில் எதிரெதிரே நின்றார்கள். சாரல் படாத பக்கமாக வேட்டி காற்றில் உப்பி உப்பித் தணிந்தது.

புதிதாகக் கல்யாணமான நாட்களில் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. கொடி கட்ட இடமில்லை. மழைக்காலத்தில் ஒவ்வொரு துணியையும் இப்படித்தான் நடைவழியில் பிடித்து ஆற்றுவார்கள். சேலை காய்வதற்குள் அன்றைய கடைக்கதை முழுவதும் பேசித் தீரும். டிரையர் வந்த பிறகு பட்டனை அமுக்கிவிட்டு அவர் ஃபோனுக்குள் போய்விடுவார், அவள் அடுப்படிக்குள்.

"கடையையே கலைச்சுப்போட்டுட்டு மூக்குத் துடைக்க ஒரே ஒரு கைலேஞ்சி வாங்கிட்டுப் போனாளே, அந்தப் பொம்பளைய ஞாபகம் இருக்கா?" என்றார்.

"அதுக்கும் வெல கொறைச்சுக் கேட்டா. நீங்களும் கொறைச்சீங்க, அவ சிரிச்ச சிரிப்புக்கு."

"அடிப்பாவி! இன்னுமா அத மனசுல வச்சிருக்க?"

"எறக்கி வைக்கலாம்னுதான் பார்த்தேன். கேக்க ஆள் நின்னாத்தானே?"

அவளுக்கு முன் ராஜரத்தினமே சிரித்துவிட்டார். வேட்டி எப்போதோ காய்ந்துவிட்டது. இருவரும் முனையை விடவில்லை.

காலையில் சுள்ளென்று வெயில். கருகிய மூலையை இடுப்பில் ஒளித்துச் செருகிக்கொண்டு ராஜரத்தினம் ஆட்டோவில் காத்திருந்தார். பின்கதவைப் பூட்டப் போன கஜலட்சுமியைக் காணவில்லை. முணுமுணுத்தபடி இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

அடுப்படி வாசலில் நிஸாமின் குரல் கேட்டது.

"அக்கா, மழை விட்டிருச்சி. நீங்க கழட்டிவைக்கச் சொன்ன சென்சர் வயர இப்ப மாட்டவா, இல்ல அடுத்த மழைக்கும் அப்படியே இரிக்கட்டுமா?"