கழட்டாத அண்ணன்

உலகத்தில் எதையுமே கழற்றாமல் வாழ்ந்து முடித்த ஒரே மனிதர் எங்கள் ஊரான மஹய்யாவவில்தான் இருந்தார். புதுத் தொலைக்காட்சியோடு வந்த பொலித்தீன் உறை அவர் வீட்டில் மஞ்சளாகும்வரை அப்படியே கிடந்தது. மூக்குக்கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டையும் அவர் உரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தால் எட்டிப் பார்த்தே காலத்தை ஓட்டினார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அடுத்த வீட்டுக்காரனான எனக்கே தெரியாது. கழட்டாத அண்ணன் என்றால் தபால்காரர் நேரே வந்துவிடுவார்.

தொழில் கொடுத்த பெயர் அது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி என்று இப்போது எல்லாவற்றுக்குள்ளும் நகத்தளவு சிப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் நினைவில் எழுதியிருக்கும் புரோகிராம் குழம்பினால் இயந்திரம் படுத்துவிடும். மற்றவர்கள் சிப்பைச் சூடு காட்டிப் பெயர்த்து, வெளியே வைத்து எழுதி, மறுபடி ஒட்டுவார்கள். அண்ணன் பெயர்க்கவே மாட்டார். நாலைந்து மெல்லிய வயர்களைச் சிப் இருக்கும் போர்டிலேயே பொருத்தி, மறுமுனையை மடிக்கணினியில் செருகி, பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடுவார். சிப் இருந்த இடத்தை விட்டு அசையாது.

"கழட்டினா திரும்ப ஒட்டலாம். ஆனா அது பழைய போர்டு இல்லீங்க" என்பார்.

நல்ல கொள்கைதான். போர்டோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

அக்குறணையில் ஒரு துணிக்கடை முதலாளி வீட்டுச் சலவை இயந்திரம் பாதித் துவையலில் நின்றுவிட்டது. முதலாளி கெஞ்சினார்.

"உள்ளுக்கு உடுப்பு ஊறிக்கிட்டு ஈக்கி அண்ணே. அதயாவது வெளிய எடுக்கட்டுமா?"

"வேணாங்க முதலாளி. அததது இருக்கிற எடத்துல இருக்கட்டும்."

அவர் நிதானமாக எழுதி முடித்தார். இயந்திரமும் ஓடியது. அதற்குள் யாருடையதோ சிவப்புச் சட்டை சாயம் விட்டு, முதலாளியின் வெள்ளை ஜுப்பாக்களெல்லாம் ரோஜா நிறமாகியிருந்தன.

கோயில் கதை இதைவிட மோசம். பூசைக்குத் தானாக மேளம் அடிக்கும் மெஷின் ஒன்று அங்கே உத்தரத்தில் தொங்கியது. அதை இறக்கக்கூடாது என்று அண்ணன் மடிக்கணினியோடு ஏணியில் ஏறினார். ஏணியைப் பிடித்தவன் நான். எழுதி முடித்த நொடியே சிப் வேலையைத் தொடங்கிவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அடி படாமலிருக்க மேளக்கோலைக் கழற்றி வைக்கவேண்டுமே! கோல் தாளம் தப்பாமல் அவர் நெற்றியில் விழுந்தது. வீங்கிய நெற்றியோடு இறங்கியவர், "சத்தம் நல்லா கேட்டுச்சா தம்பி?" என்றார்.

இப்படியே சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கோ சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வேலைச் சப்பாத்தைக் கழற்ற வைப்பதற்கே புஷ்பம் அக்கா தினமும் புருஷனோடு சண்டை பிடிக்கவேண்டும். அக்கா உறவுக்காரர் சாவுக்கு ஊருக்குப் போன நாட்களில் சண்டை பிடிக்க ஆளில்லை. திரும்பி வந்தவர் வாசலிலேயே நாற்றத்தைப் பிடித்துவிட்டார். சப்பாத்துக்குள் கால்விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "முழங்காலுக்குக் கீழ எடுக்கவேணும் ஐயா. விட்டால் விஷம் மேல ஏறி ஆளே போயிடுவியள்."

"இருக்கிற எடத்துலயே வச்சு ஏதாச்சும் செய்யுங்க டொக்டர்."

அவருடைய தொழிலை அக்காவிடம் கேட்டறிந்திருந்த டொக்டர் பெருமூச்சு விட்டார். "இது போர்டு இல்லை ஐயா. அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதேலாது."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"கால் இல்லாட்டி நான் தூக்கிக்கிட்டுத் திரியறேங்க. நீங்களே இல்லாட்டி நான் யாரைத் தூக்கறது?"

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் கெஞ்சினேன், அதட்டினேன், அந்த வயர்களை எல்லாம் குப்பையில் போடுவேன் என்று மிரட்டியும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட்ட பிறகு ஒரு காலையில் அவராகவே அக்காவைக் கூப்பிட்டார். "சரி, கழட்டச் சொல்லு."

வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் அவர் ஒன்றைக் கழட்டச் சொன்னார். டொக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, இனி இந்த உடம்பு கத்தியைத் தாங்காது என்றார். அண்ணன் இரண்டு காலோடும் போய்ச் சேர்ந்தார். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் பாடையின் பக்கத்தில் நின்றே திட்டினேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

கருமாதியன்று அக்காவின் தாலியைக் கழற்றப் பெண்கள் சூழ்ந்தார்கள். அக்கா இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

"அந்த மனுசன் ஒண்ணையும் கழட்ட விட்டதில்ல. இதுல கை வைக்காதீங்க."

"அது முறை இல்லையேம்மா" என்றார் பன்விலவிலிருந்து வந்திருந்த பெரியம்மா.

"முறை இல்லாட்டிப் போகுது. இது இருக்கிற எடத்துல இருக்கட்டும்."

சூழ்ந்திருந்த பெண்கள் விலகிக்கொண்டார்கள்.

இன்றும் மஹய்யாவ ஏற்றத்தில் மரக்கறிப் பையோடு அக்கா ஏறி வருகையில் அந்தத் தாலி கண்ணில் படும். உடனே அண்ணன்மேல் கோபம் வரும், ஒரு காலைக் கொடுத்திருந்தால் இந்தப் பையை அவரல்லவா தூக்கியிருப்பார் என்று. இத்தனை காலமாகியும் அந்தக் கோபம் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம். அதுவும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.