நாலு மணி நேரக் கெடு

அர்விட் ஹால்வர்சன் அந்த ஜூன் மாதம் ஒரு தீர்மானம் எடுத்தார். தலையே போனாலும் சரி, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினி வீட்டுக்குச் சாப்பிடப் போவதில்லை.

தீர்மானம் எடுப்பது சுலபம். அதை மனைவி லோர்னாவிடம் சொல்ல வேண்டுமே! முப்பத்தெட்டு வருஷமாக அவருடைய தீர்மானங்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன.

மனிதர் களைத்துப் போயிருந்தார். இருபத்தொன்பது பனிக்காலம் அலாஸ்காவின் பால்மர் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சோபாவில் நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தார். ஓய்வு பெற்ற மறுநாளே லோர்னா ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினாள். கூரையில் பாசி சுரண்டணும். கொட்டகைக் கதவு இழுக்குது. சர்ச் நிலவறைக்குப் பெயின்ட். ஒன்றை அடித்தால் அடியில் இரண்டு முளைத்தது. வருஷத்தில் அவருக்கென்று இருந்தவை மூன்றே நாட்கள். ஜூலையில் கீனாய் ஆறு கடலில் சேரும் இடத்தில், மார்பளவுத் தண்ணீரில், நீளக் கம்பு வலையைப் பிடித்துக்கொண்டு சால்மன் மீனுக்காகச் சும்மா நிற்கும் மூன்று நாட்கள். பக்கத்தில் நண்பர் வெர்னன் நிற்பார். வெர்னன் பேசவே மாட்டார். அந்தச் சுகத்தை நினைத்துத்தான் அர்விட் மிச்ச நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மிச்ச நாட்களில் மகா கொடியது ஞாயிறு. லோர்னாவின் தங்கை பெர்னடீன் ஆங்கரேஜில் இருந்தாள், ஒரு மணி நேர ஓட்டம். போனதும் பச்சை ஜெல்லி வரும். ஜெல்லிக்குள் துருவிய காரட், அதற்குள் டப்பா மீன். தட்டில் வைத்தால் அது சாப்பிடுகிறவரைப் பார்த்து ஆடும். அது ஒருவழியாக உள்ளே போனதும் சகலை கிளிஃபர்ட் திரையை இறக்குவார். கிளிஃபர்ட் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவர். அலாஸ்காவில் ஒரு பாலம் விடாமல் படம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பாலத்துக்கும் இரண்டு படம். இந்தக் கரையிலிருந்து ஒன்று, அந்தக் கரையிலிருந்து ஒன்று.

"கவனிச்சியா சகலை, இது அந்தப் பக்கம்" என்பார். அர்விட்டுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

விடிவு பிறந்தது தோட்டக்காரர் சங்கத்தில். லோர்னா முட்டைக்கோஸ் வளர்ப்பவள். கோடையில் சூரியன் வீட்டுக்குப் போகவே மனமில்லாத ஊர் அது, கோஸ் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம் வரும். ஆகஸ்டுக் கடைசியில் சந்தையில் நிறுத்துப் பரிசு கொடுப்பார்கள். லோர்னா இரண்டு தடவை மூன்றாவதாக வந்து, இரண்டு தடவையும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சங்கத்தில் ஒரு அம்மாள் உர டீயைப் பற்றிப் பேச வந்தபோது லோர்னா அர்விட்டையும் இழுத்துக்கொண்டு போனாள்.

விஷயம் இதுதான். நல்ல மக்கிய உரத்தைப் பழைய காலுறையில் கட்டி ஒரு வாளித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். கொஞ்சம் வெல்லப்பாகு. மீன்தொட்டிக்கு வைப்பார்களே, அந்தக் காற்று பம்ப்பைப் போட்டு இருபத்து நாலு மணி நேரம் கொப்பளிக்க விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகும். அதைச் செடிக்கு ஊற்றினால் செடி கொழிக்கும்.

"தயாரானதும் பம்ப்பை நிறுத்திட்டு நாலு மணி நேரத்துக்குள்ள ஊத்திடணும்" என்றாள் அந்த அம்மாள். "தப்பினா உயிரெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும். அப்புறம் அது டீ இல்ல, சாக்கடை."

எல்லோரும் அளவுகளைக் குறித்துக்கொண்டார்கள். அர்விட் அந்த நாலு மணி நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் மெல்ல ஆரம்பித்தார்.

"லோர்னா, நம்ம கோஸுக்கு அந்த டீயை நானே போட்டுத் தரலாம்னு பார்க்கிறேன்."

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஏன், நான் உனக்கு ஒரு உதவி செய்யக் கூடாதா?"

"செய்யலாமே. முப்பத்தெட்டு வருஷமா செஞ்சதில்லையேன்னு கேட்டேன்."

சனிக்கிழமை மதியம் துணி துவைக்கும் அறையில் பம்ப் கொர்ரென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஞாயிறு காலை லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றாள்.

அர்விட் சோகமாகத் தலையை ஆட்டினார். "எப்படி வர்றது? டீ இருக்கே."

"மதியம்தானே ஆகும்? நான் வேணா இருந்து ஊத்துறேன். நீ போய் பெர்னடீனைப் பார்த்துட்டு வா."

இது அவர் எதிர்பாராத அடி. ஒரு நொடி ஆடிப் போனார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாதும்மா. அது மணி பார்த்துச் செய்யற வேலை இல்ல, மோந்து பார்த்துச் செய்யறது. மழை பெஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசம் வரும். அந்த நிமிஷம் பம்ப்பை நிறுத்தணும். நீ சென்ட் போட்டுப் போட்டு உன் மூக்கு மழுங்கிப் போச்சு."

"என் மூக்கா?"

"உன்னைக் குத்தம் சொல்லலே. எல்லாருக்கும் அந்த மூக்கு வாய்க்காது. கோடி உசுரு லோர்னா. ஒருத்தன் சாப்பாட்டு ஆசைல போய், அதெல்லாம் செத்துப் போச்சுன்னா என் மனசு தாங்காது."

லோர்னா கார் சாவியை எடுத்துக்கொண்டாள். பிறகு, "சரி, உன் மூக்கைப் பத்திரமா பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

கார் திரும்பியதும் அர்விட் சோபாவில் விழுந்தார். பம்ப் கொப்பளித்தது. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான தாலாட்டை அவர் கேட்டதில்லை. மூன்று மணிக்கு எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே டீயைக் கோஸுக்கு ஊற்றிவிட்டு மறுபடி படுத்தார்.

ஐந்து ஞாயிறு இப்படி ஓடியது. ருசி கண்ட மனிதர் ஞாயிறோடு நிற்பாரா? சர்ச் பெயின்ட் என்றார்கள், டீ போட்டிருக்கிறேன் என்றார். எதிர்வீட்டில் பியானோ இறக்க ஆள் கேட்டார்கள், டீ இன்னும் ஒரு மணி நேரத்தில் பக்குவம் என்றார். பெர்னடீன் தொலைபேசியில் வருத்தப்பட்டபோது, "என்னம்மா பண்றது, தொட்டில் குழந்தை மாதிரி, வேற கை பட்டா ஆகாது" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்.

இதில் ஒரு வினோதம், கோஸ் உண்மையாகவே வளர்ந்தது. இலைகள் குடை மாதிரி விரிந்தன. லோர்னா தினமும் காலையில் டேப் வைத்து அளந்து, சமையலறை நாட்காட்டியில் எழுதினாள். எழுதும்போது லேசாகப் பாட்டு வேறு. மனைவி பாடினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அர்விட்டுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஜூலை மூன்றாம் வாரம் வந்தது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வெர்னனின் வண்டி வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்விட் கொட்டகையிலிருந்து வலையை இறக்கித் துடைத்து, மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார்.

துணி துவைக்கும் அறையில் பம்ப் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போடவில்லை. எட்டிப் பார்த்தார். ஒரு வாளி கொப்பளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு வாளிகள், காலுறையில் உரம் கட்டி, பாகு அளந்து வைத்துத் தயாராக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சனி மதியம். ஞாயிறு மதியம். திங்கள் மதியம்.

"லோர்னா! இது என்ன?"

"டீ" என்றாள் லோர்னா, அடுக்களையிலிருந்து.

"அது தெரியுது. நாளைக்கு நான் கீனாய்க்குப் போறேன்."

"ஐயோ, எப்படிப் போவே? டீ இருக்கே."

"யார் போடச் சொன்னது?"

"சங்கத்து அம்மாகிட்டக் கேட்டேன். கோஸ் பெரிசாகிற வாரம் இதுதானாம். மூணு நாள் விடாம ஊத்தினா சந்தைல முதல் பரிசுன்னு சொல்றாங்க. உன் அஞ்சு வார உழைப்பு அர்விட், கடைசில வந்து கைவிடலாமா?"

"நீ ஊத்தேன்!"

"நானா?" லோர்னா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "இது மழுங்கின மூக்கு."

"மணி பார்த்து ஊத்து. மூணு மணி ஆனா ஊத்து. அவ்வளவுதான்."

"மணி பார்த்துச் செய்யற வேலை இல்லன்னு சொன்னியே."

அர்விட் அந்த வாளியின் பக்கம் கையை நீட்டி, "நிறுத்திட்டா என்ன ஆகும்?" என்று முனகினார்.

"கோடி உசுரு" என்றாள் லோர்னா. "உன் மனசு தாங்காது."

வருஷம் பூராவும் காத்திருந்த மூன்று நாட்கள்! குளிர்ந்த தண்ணீர், பேசாத நண்பன், எந்தப் பட்டியலும் ஒட்ட முடியாத ஆறு. சோபாவில் போய் உட்கார்ந்தார். சோபாவும் அன்று சுகமாக இல்லை.

"சரி, இந்த வருஷம் மீனே இல்லன்னு வெச்சுக்கோ" என்றார் கடைசி ஆயுதமாக. "குளிர்காலம் பூரா என்ன திங்கப் போறோம்?"

"அதெல்லாம் யோசிச்சுட்டேன். நான் போறேன்."

"எங்கே?"

"கீனாய்க்கு."

அர்விட் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "அதுக்குப் பர்மிட் வேணும் தாயே. கண்டவங்க போய் வலை போட முடியாது."

லோர்னா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "வீட்டுக்கு ஒரு பர்மிட். வீட்டுத் தலைவருக்கு இருபத்தஞ்சு மீன், கூட இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் பத்து. ரெண்டாவது பேரு யாரோடதுன்னு படி."

படிக்கத் தேவையில்லை. அவர் கையெழுத்துதான். பத்து மீன் கூடக் கிடைக்குமே என்று வருஷா வருஷம் லோர்னாவின் பெயரையும் எழுதியது அவர்தான். பதினாறு வருஷமாக அவள் கணக்கிலும் மீன் பிடித்துக்கொண்டு வந்தவர், அவள் ஒருநாள் ஆற்றில் இறங்குவாள் என்று நினைத்ததே இல்லை. லோர்னா தாளை மடித்துத் திரும்பவும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

காலை ஐந்து மணி. வெயில் பளீரென்று அடித்தது. வெர்னனின் வண்டி வாசலில் நின்றது. அர்விட்டின் ரப்பர் உடுப்பை லோர்னா கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அது அவளுக்குச் சரியாக இருக்கும் போலிருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

"வெர்னன், நீயாவது சொல்லேன்" என்றார் அர்விட்.

வெர்னன் வெகுநேரம் யோசித்தார். "அவங்க சாண்ட்விச் கொண்டு வர்றாங்க அர்விட்" என்றார். இருபது வருஷ நட்பில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

லோர்னா வண்டியில் ஏறக் காலைத் தூக்கினாள். அதற்கு மேல் அர்விட்டால் முடியவில்லை. மானம் போனால் போகட்டும், மூன்று நாள் மிஞ்சட்டும் என்று உடைத்துவிட்டார்.

"லோர்னா, நில்லு! எல்லாம் பொய். மூக்கும் இல்ல, வாசமும் இல்ல. மூணு மணிக்கு எந்திரிச்சு ஊத்துவேன், அவ்வளவுதான். பெர்னடீன் வீட்டு ஜெல்லியைத் திங்க முடியாமத்தான் இந்த டீயே போட்டேன். அந்த ஜெல்லி, அந்தப் பாலம், மனுஷன் தாங்குவானா? போதுமா? இப்ப இறங்கு!"

பின் சீட்டுக் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே பெர்னடீன் உட்கார்ந்திருந்தாள், தன் வீட்டுப் பர்மிட்டோடும் ஒரு புது வலையோடும்.

"குட் மார்னிங் அத்தான்" என்றாள்.

அர்விட் திரும்பி லோர்னாவைப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஒரு பிரியத்தோடு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"முதல் ஞாயித்துக்கிழமையே எங்களுக்குத் தெரியும், அர்விட்."

"தெரிஞ்சா... ஏன் ஒண்ணும் சொல்லலே?"

"கோஸ் நல்லா வளர்ந்துச்சே. அதுவும் இல்லாம, நீ வராதப்ப நாங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் பேசிக்கிட்டிருந்தோம். மீன் பிடிக்கப் போகலாம்னு அப்பத்தான் தோணுச்சு." ஏறிக் கதவைச் சாத்தினாள். "பயப்படாதே, உன்னைத் தனியா விட்டுட்டுப் போகலே. துணைக்கு ஆள் இருக்கு."

வண்டி கிளம்பியது. அது நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் இன்னொரு கார் நின்றிருந்தது. அதிலிருந்து கிளிஃபர்ட் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கக்கத்தில் சுருட்டிய திரை. இன்னொரு கக்கத்தில் படப்பெட்டி. கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம். அதற்குள் ஏதோ ஆடும் சத்தம் கேட்டது.

"மூணு நாளைக்கும் பெர்னடீன் செஞ்சு குடுத்திருக்கா" என்றார் கிளிஃபர்ட். "நீ அஞ்சு வாரமா வரலேன்னு ரொம்ப வருத்தப்பட்டா."

அர்விட் பாத்திரத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தெருவில் புழுதிகூட அடங்கிவிட்டது.

"சகலை, எனக்கு டீ வேலை இருக்கு" என்றார் ஈனஸ்வரத்தில்.

கிளிஃபர்ட் துணி துவைக்கும் அறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, கொப்பளிக்கும் வாளிக்கு மேலே ஆணியில் திரையை மாட்டினார்.

"தெரியும், லோர்னா சொன்னாங்க, நீ இந்த இடத்தை விட்டு நகர முடியாதாம். உட்காரு. விட்டுப்போனதை எல்லாம் பார்த்துடலாம், அதுவும் ரெண்டு பக்கமும்."