முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மனு

வாசலோரத்து நீல டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்ற ஊற்ற ஜெயபிரகாஷுக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது.

காலையில் செல்போனில் படித்த செய்தி அப்படி. பதினான்கு வருடங்களுக்கு முன் அவன் வாங்கிய கார் ரேஸ் வீடியோ கேமின் ஆன்லைன் சேவையை, மாதக் கடைசியோடு கம்பெனிக்காரன் மூடப்போகிறானாம். உலகத்தோடு மோதி அவன் பிடித்துவைத்த இடமும் அத்தோடு அழிந்துபோகும். உலகப் பட்டியலில் அது நாலாயிரத்துச் சொச்சமாவது இடம். ஆனால் மல்லசமுத்திரத்தில் முதலிடம். இரண்டாவது இடத்துக்கு அங்கே ஆளே கிடையாது.

"கேக்க ஆளில்லைன்னுதான மூடறான்," என்றான் ஈரத்தலையோடு.

"தண்ணிய வீணாக்காதீங்க," என்றாள் மனைவி சரிதா.

போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு உதிரிபாகம் விற்கும் அவன் கடைக்கு போல்ட் வாங்க வந்தவர்களெல்லாம், அந்தக் காலத்து கேமில் இன்ஜின் எப்படி உறுமும் என்று அவன் உறுமிக் காட்டுவதைப் பத்து நாள் கேட்டுவிட்டுப் போனார்கள். நாடு கொந்தளிக்கவில்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுப்பதென்று முடிவு செய்தான்.

எழுத உட்கார்ந்தபோது ஒரு சங்கடம். நாற்பத்திரண்டு வயதில் 'வீடியோ கேம்' என்று எழுதினால் கௌரவம் என்னாவது? அந்தச் சொல்லையே விட்டுவிட்டான். 'கடந்த பதினான்கு ஆண்டுகளாக நாள் தவறாமல் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி, இம்மாவட்டத்துக்குப் பெருமை தேடித்தந்த எனது பாதையை மூடச் சதி நடக்கிறது' என்று தொடங்கியது மனு. ஒற்றைக் கையெழுத்து எடுபடாதென்று, செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி விற்கும் பழைய கூட்டாளி ஈஸ்வரையும் போடச் சொன்னான். ஈஸ்வர் தன் பங்குக்கு, 'நானும் இவரோடு போட்டி போட்டு ஓட்டியவன்' என்று ஒரு வரி சேர்த்தான்.

மனு கொடுத்த மூன்றாம் நாளே பலன் தெரிந்தது. ஏட்டு பச்சமுத்து வந்து, டிரம் மூடிமேல் மனுவை விரித்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"இது நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"முந்நூறுல ஓட்டுனீங்களா?"

நியாயம் கேட்க அரசாங்கமே வீடு தேடி வந்துவிட்டதென்று ஜெயபிரகாஷின் நெஞ்சு நிமிர்ந்தது. "நேர் ரோட்டுல முந்நூத்திப் பத்துங்க. நாலு வண்டிய இடிச்சுத் தள்ளாம ஒரு நாளும் நான் ஜெயிச்சதில்லீங்க."

ஏட்டு பேனாவைத் திறந்தார். "கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"

"நேத்துச் சாயங்காலங்கூட."

"லைசென்ஸ எடுங்க."

லைசென்ஸ் கிடையாது. அந்த வீட்டு மொபெட்டைக்கூட சரிதாதான் ஓட்டுவாள். பின்னால் உட்கார்ந்து, வேகம் பத்தவில்லை என்று சொல்வது மட்டும்தான் அவன் வேலை.

"அந்த ஈஸ்வரையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போயிரலாம்."

மனுவில் கட்டிக்காத்த கௌரவம் அங்கேயே இறங்கியது. "ஐயா, அது டிவியில ஓட்டறதுங்க. கேமுங்க."

"மனுவுல எந்த இடத்துல அப்படி இருக்குது?"

ஜெயபிரகாஷ் மனுவைப் பார்த்தான். மனுவில் மாவட்டத்தின் பெருமை இருந்தது. சதி இருந்தது. கேம் இல்லை.

"சரி, அதை எடுத்துட்டு வந்து ஓட்டிக் காட்டுங்க," என்றார் ஏட்டு. "காட்டுனா நான்பாட்டுக்குப் போயிடறேன். இல்லாட்டி நீங்க எழுதுனது எழுதுனதுதான்."

ஒரே தாவில் பரணுக்கு ஏறினான். கேம் பெட்டியைப் போட்டுவைத்த அட்டைப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. தூசி தட்டித் தூக்கி வந்து, ஏட்டின் முன்னால் வைத்து, இனி பேசுங்கள் என்பதுபோல் திறந்தான்.

உள்ளே இரண்டு மிக்ஸி மூடிகளும் ஒரு கம்பளித் தொப்பியும் இருந்தன.

"சரிதா, தினமும் நான் ஓட்டுற கேம் பெட்டி எங்க?"

சரிதா ஏட்டையும் பார்த்தாள், அவர் முழங்கையையும் பார்த்தாள்.

"ஏனுங்க, பழைய சாமான்காரருகிட்ட அதப் போட்டுத்தானுங்களே ஆறு வருசத்துக்கு முன்னால, ஐயா கை ஊணியிருக்கற டிரம்ம வாங்குனேன்."