மூன்றாவது மாஸ்க்

அந்த மாஸ்க்கை ஒரே மாதத்தில் வீட்டை விட்டுத் துரத்துவது என்று முடிவு செய்தேன். இந்த ஜெகபர் சாதிக் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். மனைவி கமர் ஜஹானைக் கேட்டுக்கொண்டு எடுத்திருந்தால்.

எல்லாம் மாம்பழச்சாலை சிக்னலில் ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்துக்குப் போகிற வழி. சிவப்பு விளக்கில் ஸ்கூட்டரை நிறுத்தியவன் அப்படியே தூங்கிவிட்டேன். பச்சை வந்து, போயும் விட்டது. பின்னால் இருந்த கமர்தான் முதுகில் குத்தி எழுப்பினாள். மறுநாளே புத்தூரில் டாக்டர் லக்ஷ்மிகாந்த் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

பரிசோதித்துப் பார்த்ததில், தூக்கத்தில் எனக்கு மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம். காற்று ஊதும் மிஷின் ஒன்றும், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் ஒன்றும் கொடுத்தார். என் திட்டம் எளிமையானது. குறை சொல்லிக்கொண்டே இருப்பது. டாக்டரே சலித்துப்போய் விட்டுவிடுவார்.

பதினைந்து நாள் கழித்து, எத்தனை நேரம் மாட்டினேன் என்று மிஷினில் பதிவாகியிருந்த கார்டைப் பார்த்தார். மொத்தம் நாற்பது நிமிடம். மாஸ்க்கை நான் மாட்டவில்லை. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

"மூச்சு முட்டுது டாக்டர். கண்ணாடி போட்டு பேப்பர் படிக்க முடியல."

"மாஸ்க் தோதா இல்லன்னா யாரும் மாட்ட மாட்டாங்க. உங்க தப்பில்ல" என்றார். மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க் வந்தது.

அடுத்த பதினைந்து நாள்.

"மூக்குல தழும்பு டாக்டர். என் கடைக்கு வர்றவங்க, வீட்டுல அடியான்னு கேக்குறாங்க. வேற மாஸ்க் இல்லைல்ல?"

கமர் முந்திக்கொண்டாள். "இவரு குறை சொல்ல முடியாத மாதிரி ஒண்ணு இருக்கா டாக்டர்?"

"இருக்கும்மா. மூக்குத் துவாரத்துல ரெண்டு குட்டி ரப்பர் முனை, அவ்வளவுதான். ஆனா வாயைத் தொறந்தா காத்து அது வழியா வந்துடும். பேச முடியாது."

"பேசவே முடியாதா?"

"முடியாது."

"இதையே குடுங்க டாக்டர்."

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுப் படுத்தேன். பகல் தூக்கத்துக்கும் மாட்ட வேண்டும் என்பது உத்தரவு. மாட்டினேன். முட்டவில்லை, உறுத்தவில்லை, கண்ணாடிகூடப் போட முடிந்தது. ஒரு குறை தேடினேன். கிடைக்கவில்லை.

கமர் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, முன் ரூம்ல தையல் கிளாஸ் வைக்கலாம்னு இருக்கேன். சோபாவைத் தூக்கிடலாம். சரிதானே?"

வாயைத் திறந்தேன். 'புஸ்'.

"வேணாம்னா சொல்லுங்க."

'புஸ்ஸ்'.

"ஒண்ணும் சொல்லலையே. அப்ப சரி."

கழற்றலாம் என்று கையைத் தூக்கினேன்.

"கழட்டாதீங்க" என்றாள். குரல் லேசாக உடைந்தது. "அன்னைக்கு சிக்னல்ல நான் பட்ட பயம் போதும்."

கை தானாக இறங்கியது. கண்ணை மூடினேன்.

அப்படி ஒரு தூக்கம் தூங்கிப் பத்து வருஷம் இருக்கும். சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது எழுந்தேன். உடம்பு இறகாக இருந்தது. சிரித்துக்கொண்டே முன் ரூமுக்குப் போனேன்.

நாலு பெண்கள் என் புதுக் கைலியை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.