மைக்கைக் கண்டால் வாயடைத்துப்போன பல் டாக்டர்

நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பேசியவரும், பேச்சு வராமல் தவித்தவரும் ஒரே ஆள்தான். வேலூரில் அவருக்கு ரேடியோ டாக்டர் என்று பெயர். தொழில் பல் வைத்தியம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் பல்வலி வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு கட்சி. டாக்டரின் பேச்சைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் மறு கட்சி.

கைராசிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம் வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு விரலையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்ட பிறகுதான் அவருக்குக் கேள்விகளே தோன்றும்.

"பெரியவனுக்கு வேலை கெடச்சுதா?"

"ஆ."

"கெடைக்கலியா? கெடைக்கும். அவசரப்படாதீங்க. வூடு கட்றேன்னீங்களே, இன்னா ஆச்சு?"

"ஆ."

"அதான் நானும் சொன்னேன். இப்ப சிமெண்ட் விக்கிற வெலையில யாரு கட்ட முடியும்?"

கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நான் பல் காட்டப் போயிருந்தேன். அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். நான் வாயைத் திறந்தபடி இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்று மாலையே ஜாதகத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது வேலூரில் எங்களுக்கு ஒரு அமெச்சூர் ரேடியோ கிளப் இருந்தது. சொந்தமாக ஒரு செட் செய்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஊர்களில் இருக்கும் முகம் தெரியாதவர்களோடு ஆகாயத்தில் பேசுவதுதான் பொழுதுபோக்கு. டாக்டரும் சேர்ந்தார். பரீட்சையில் எங்கள் எல்லோரையும்விட நல்ல மார்க். லைசென்ஸ் வந்தது. ஆகாயத்தில் அவர் பெயர்போல, எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அழைப்புக்குறியும் வந்தது. இனி ஆகாயம் தாங்காது என்று பயந்தோம்.

ஒரு வார்த்தை பேசவில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் எதிராளி பேசுவது கேட்கும் என்கிற பட்டனையும் அழுத்துவார். உதடு அசையும். சத்தம் வராது. எதிர்ப்பக்கத்து ஆள் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்திக் களைத்து வேறு யாரையாவது தேடிப் போய்விடுவார். டாக்டர் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பியதும் அடுத்த நொடியே பேச்சு மடை திறந்துவிடும்.

ஏன் இப்படி என்று கிளப்பில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. இங்கிலீஷ் பயம் என்றார் ஒருவர். தமிழில் பேசச் சொல்லிப் பார்த்தோம், அதுவும் வரவில்லை. மைக்கில் ஷாக் அடித்திருக்கும் என்றார் இன்னொருவர். வேறு மைக் கொடுத்தோம். கடைசியில் நானே அவரிடம் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பக்கம் ஒருத்தன் குந்திக்கினு, நான் இன்னா சொல்லப்போறேன்னு காத்துக்கினு கீறான், தம்பி," என்றார். "நான் சொன்னா அவன் பதில் சொல்வான். அத நெனச்சாலே நாக்கு மேல ஒட்டிக்குது."

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகிய மனிதர். பதில் சொல்லும் ஆளைக் கண்டால் பயம் வரத்தானே செய்யும்?

இது வேடிக்கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோடாவது பேசியதாகக் காட்டாவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவருக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும், கிளினிக்கில் அந்த லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டி, தினமும் தன் கையாலேயே துடைத்து வைப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஒரு சனி ஞாயிறு, ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டு, கார் பேட்டரியில் செட்டை ஓட்டி, எத்தனை ஊர்களைப் பிடிக்க முடிகிறது என்று பார்க்க முடிவு செய்தோம். கிளப் செக்ரட்டரி ஒரு காலேஜில் பௌதிகம் நடத்துபவர். சிரிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் ரகம். அவர்தான் டாக்டரிடம், "நீங்களும் வரணும். மலையில உங்க வாய் தொறக்குதான்னு பாப்போம்," என்றார். டாக்டர் தன் பல் பிடுங்கும் பையோடு வந்து வேனில் ஏறினார். எதற்கு என்று கேட்டதற்கு, "நீங்க சோல்டரிங் அயர்ன் எடுத்துக்கினு வரலியா?" என்றார்.

போளூர் தாண்டி மலையேறும்வரை பேசினார். கொண்டை ஊசி வளைவுகளில் எங்களுக்கெல்லாம் வாந்தி வந்தது, அவருக்குப் பேச்சு வந்தது.

மேலே ஒரு சாமைக் கொல்லை ஓரம், பெரிய புளியமரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டினோம். செக்ரட்டரி செட்டைப் போட்டு, யாராவது கேட்கிறீர்களா என்று கூப்பிட்டார். உடனே தெளிவாக ஒரு தமிழ்க் குரல் பதில் கொடுத்தது. யாழ்ப்பாணத்துக்காரர். செக்ரட்டரி தன் விவரம் சொல்லிவிட்டு, "எங்க டாக்டர் உங்களோட பேசுவார்," என்று மைக்கை நீட்டினார்.

டாக்டர் வாங்கினார். அழுத்தினார். மலைக்காற்று வீசியது. புளிய இலை உதிர்ந்தது. டாக்டரிடமிருந்து ஒன்றும் உதிரவில்லை.

"ஹலோ, டொக்டர் நிக்கிறாரோ?" என்றது குரல்.

செக்ரட்டரி மைக்கைத் திரும்ப வாங்கி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் கூடாரத்துக்கு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் கொல்லைக்காரர் வந்தார். தலையிலிருந்து தாடைவரை துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இன்னா சாமி, ஏன் மரத்துல கம்பி கட்டிக்கினு கீறீங்க?" என்றார். குரல் ஒரு பக்கமாக வந்தது.

டாக்டர் மரத்தையும் பார்க்கவில்லை, கம்பியையும் பார்க்கவில்லை. அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். முகத்தில் விளக்கு எரிந்தது. "கம்பி கெடக்குது, இப்படி வந்து குந்து," என்று அவரைக் கூடாரத்து வாசல் பாறையில் உட்காரவைத்தார். கை கழுவினார். துண்டை அவிழ்த்தார். "வாயத் தொற. இன்னும். ஆங்."

விரல் உள்ளே போனது. பேச்சு வெளியே வந்தது.

"வெத்தல போடுவியா?"

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சட்டம் தவறாத அந்த மனிதர், மைக்கைச் சுருள் கம்பியோடு இழுத்து டாக்டரின் தோளுக்குப் பின்னால் பிடித்து, பட்டனை அழுத்தினார்.

"கேக்கிறனே, வெத்தல போடுவியா?"

செக்ரட்டரி பட்டனிலிருந்து விரலை எடுத்தார். ஸ்பீக்கர் சொன்னது: "ஓம், போடுறனான்."

"அதான் இப்படி கீது. எத்தினி நாளா வலி?"

"எனக்கு வலியில்லை. என்ர மனுசிக்குத்தான், போன கிழமையில இருந்து."

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

"கீழ்ப் பல்லு. வலப்பக்கம்."

"படுத்தா ஜாஸ்தியாவுமே?"

"ஓமோம், சரியாச் சொன்னியள்."

டாக்டரின் கை நின்றது. தொழிலில் முதல் முறையாக, கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்துகொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் விரலோ இன்னும் கொல்லைக்காரரின் வாயில் இருக்கிறது. மெதுவாகத் திரும்பினார். மைக்கைப் பார்த்தார். அவர் வாயும் கொல்லைக்காரரின் வாய் அளவுக்குத் திறந்துகொண்டது.

போச்சு, கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கொல்லைக்காரர்தான் டாக்டரின் கையைப் பிடித்து வாயிலிருந்து வெளியே எடுத்தார். "சாமி, என்னுது அப்பால பாத்துக்கலாம். அவுரு வூட்டம்மாவுக்கு நோவுதாம். இன்னான்னு சொல்லு. பாவம், காத்துக்கினு கீறாரு."

டாக்டர் கையை வேட்டியில் துடைத்தார். மைக்கை வாங்கினார். முதலில் தன் அழைப்புக்குறியை, பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லும் பையனைப்போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பிறகு, "வலப்பக்கம்னீங்களே, கடைசிப் பல்லா, அதுக்கு முன்னாடியா?" என்றார்.

அதோடு பயம் போயிற்று. கிராம்புத் தைலம் பற்றிச் சொன்னார். உப்புத் தண்ணீர் பற்றிச் சொன்னார். பக்கத்து டாக்டரிடம் உடனே காட்டச் சொன்னார். பட்டனை அழுத்தியிருக்கும்வரை எதிராளியால் குறுக்கே பேச முடியாது என்பதன் முழு அர்த்தமும் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். விரலை எடுக்கவே இல்லை. செக்ரட்டரி சைகை காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார்.

ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது எழுபத்துமூன்று என்பார்கள், அன்பான வணக்கம் என்று அர்த்தம். எண்பத்தெட்டு என்றால் முத்தம். கட்டிய மனைவியிடம் மட்டும் சொல்வது. டாக்டர் ஆனந்தத்தில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு எண்பத்தெட்டு சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லது டொக்டர், எழுவத்திமூண்டு," என்று பணிவாக ஒரு குரல் வந்தது.

கொல்லைக்காரரின் பல்லை அதன் பிறகு எடுத்தார். மனிதர் போய் ஊரில் சொல்லிவிட, மறுநாள் கூடாரத்து வாசலில் வீங்கிய கன்னங்களாக நின்றன. டாக்டர் ஒரு பல் பார்ப்பார், ஒரு ஊரைக் கூப்பிடுவார். மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிட்டது. போட்டி என்று வைத்திருந்தால் கடைசியாக வந்திருப்போம். செக்ரட்டரி கோபப்படவில்லை. நோயாளிகளுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. பிறகு டாக்டர் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். நானும் மாற்றலாகி ஊர் ஊராகச் சுற்றினேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டைப் போட்டால் வந்துவிடுகிறார். என் மூட்டுவலி, மருமகள் சமையல், மழை, எல்லாவற்றையும் கேட்டு அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். ஏதாவது ஒரு ஞாயிறு அந்தக் குரல் வரவில்லையென்றால், அன்று முழுக்க நான் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை.