முழு வரவு

ஒன்பதாம் தரம் முழுவதும் வரவேண்டிய திரையில் மூன்று முகங்கள்தான் தெரிந்தன. அதிலும் ஒன்று வாயைத் திறந்தபடி உறைந்துபோய் நின்றது.

சுகிர்தன் வாத்தியார் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். உப்புவெளியில் இருந்து இறக்கக்கண்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிப் போய் அலுத்தவர் அவர். இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்லைனில் படிப்பிக்கலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார். கல்வி அலுவலகத்து ஜெயரூபி மேடம் கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரு நாளைக்கு வீட்டில இருந்து படிப்பியுங்கோ. முழு வகுப்பும் வந்தால் வாரத்தில ரெண்டு நாள் தாறன். வராட்டி இந்தக் கதையை விட்டிட வேணும்."

அந்த நாள் இன்றைக்குத்தான். மேடமும் கமராவை மூடிவிட்டு, திரையில் ஒரு கறுப்புக் கட்டமாகக் காத்திருந்தார்.

வாத்தியார் வகுப்பு மாணவி அம்ராவுக்குக் கோல் எடுத்தார். "மற்றவை எங்க பிள்ளை?"

"சிக்னல் இல்ல சேர்."

"சிக்னல் இருக்கிற இடமாப் பார்த்து எல்லாரும் போங்கோ."

போனார்கள். கொஞ்ச நேரம் திரையில் மணலும் செருப்பும் ஓர் ஆடும் வந்தன. பிறகு எல்லோரும் ஒரே இடத்தில் போய்ச் சேர, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அவர் "குட் மோர்னிங்" என்றதை அத்தனை போன்களும் மாறி மாறித் திருப்பிச் சொல்லின.

"ஒரு போன் போதும். மற்றதுகளை நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார்கள். இப்போது திரையில் அஸாமின் மூக்கு மட்டும் இருந்தது.

"போனை உயரத்தில வையுங்கோ. எல்லாரும் வரிசையா இருங்கோ. உயரமான ஆக்கள் பின்னால."

முன்வரிசைக்குச் சண்டை வந்தது.

"அம்ரா, நீங்கள்தான் மொனிட்டர். கதைக்கிற ஆக்களின்ர பேரை எழுதுங்கோ."

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. படம் கலங்கலாக இருந்தாலும் தலைகளை எண்ண முடிந்தது. ஒரு தலைகூடக் குறையவில்லை. வாத்தியார் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தீங்களா மேடம், முழு வகுப்பும் வந்திட்டுது. இதுக்கு ஒரு கட்டடம், மணி, மதில் எல்லாம் எதுக்கு?"

கறுப்புக் கட்டம் வெளிச்சமானது. மேடத்தின் பின்னால் தெரிந்தது சுகிர்தனுடைய வகுப்பறைச் சுவர்.

"நான் பள்ளிக்கூடத்தில இருந்துதான் பார்க்கிறன் சேர்" என்றார் மேடம். "பிள்ளையளும் சிக்னல் தேடி இஞ்சதான் வந்திருக்கினம். வராதது நீங்கள் ஒராள்தான்."